கூடுதல் நூற்று நாற்பத்தைந்து

கண்டக்டர்: எப்படித் தப்புன்னு போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர், நான் போயிடறேன்.

டீச்சர்: முதல்ல உட்காருங்கம்மா.

கண்டக்டர்: இந்தப் பெஞ்சுலயா? உட்கார்ந்தா என்னைத் தூக்கிவிட நாலு ஆள் வேணும்.

டீச்சர்: ரெண்டாம் வகுப்புப் பெஞ்சு அப்படித்தான். என் நாற்காலில உட்காருங்க.

கண்டக்டர்: வேணாம். எட்டு மணி நேரம் ஓடற வண்டில நின்னே பழக்கம். காலை டூட்டி முடிஞ்சு, பணத்தை டிப்போல கட்டிட்டு நேரா வர்றேன். யூனிபார்ம் கூட மாத்தல.

டீச்சர்: உங்க பொண்ணு சுண்டு வெளில விளையாடறா. கூப்பிடட்டுமா?

கண்டக்டர்: ஐயோ, கூப்பிடாதீங்க! நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். தலையணைக்கு அடியிலேர்ந்து இந்த நோட்டை நைசா உருவிட்டு வந்திருக்கேன்.

டீச்சர்: அவ கணக்கு நோட்டு என்கிட்டதானே இருக்கு?

கண்டக்டர்: உங்ககிட்ட இருக்கறது நீங்க சிவப்பு மையால பெரிய பெருக்கல் குறி போட்டது. இது வேற. இதை அவ யாருக்கும் காட்டறதில்ல.

டீச்சர்: வெள்ளிக்கிழமை போட்ட கணக்குதானே உங்களுக்குக் கோபம்? அது ரொம்பச் சுலபமான கணக்கும்மா. உலக உருண்டை விலை அறுநூத்தி நாப்பது. நம்ம டப்பால சேர்ந்தது அறுநூத்தி நாப்பது. இன்னும் எவ்வளவு வேணும்? இருபத்தேழு பிள்ளைங்க சைபர்னு எழுதுச்சுங்க. உங்க பொண்ணு ஒருத்தி நூத்தி நாப்பத்தஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கா. நான் என்ன பண்ணட்டும்?

கண்டக்டர்: ஏன்னு கேட்டிருக்கலாமே.

டீச்சர்: கேட்டேன். வாயே திறக்கல.

கண்டக்டர்: மத்தவங்க முன்னாடி கேட்டீங்களா?

டீச்சர்: ...ஆமா.

கண்டக்டர்: அதான்.

டீச்சர்: ஒரு தப்புக் கணக்கு... அதுக்குப் போய் இவ்வளவு தூரம்...

கண்டக்டர்: டீச்சர், அவ வாயில எந்நேரமும் ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும். மாடிப்படி ஏறினா எண்ணுவா. துணி காயப்போட்டா கிளிப்பை எண்ணுவா. சனிக்கிழமை கடைக்குப் போனோம். அம்பது கொடுத்தேன், முப்பத்தி நாலுக்கு சாமான். மீதி எவ்வளவுடின்னேன். என்ன சொன்னா தெரியுமா?

டீச்சர்: பதினாறு.

கண்டக்டர்: "கடைக்காரர் எவ்வளவு கொடுக்கறாரோ அவ்வளவும்மா"ன்னா. ஏழு வயசுப் பொண்ணு. பெரியவங்க சொல்ற நம்பர்தான் நம்பர்னு இன்னைக்கு விட்டுட்டா, அப்புறம் ஆயுசுக்கும் எண்ண மாட்டா. அவ கணக்கு தப்பா இருந்தா தப்புன்னு நானே சொல்லிடறேன். சரியா இருந்தா நீங்க சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

டீச்சர்: காட்டுங்க அந்த நோட்டை.

கண்டக்டர்: கையைத் துடைச்சுக்குங்க. ஒரே சாக்பீஸ்.

டீச்சர்: இது... இது என்ன, படமா வரைஞ்சிருக்கா? குடை, நத்தை, சாவி... ஓ, எங்க சுவர்ல இருக்கற அடையாளம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம். பேர் எழுத வராத பிள்ளைங்களும் இருக்குல்ல, அதுக்காக வெச்சது.

கண்டக்டர்: படிங்க.

டீச்சர்: "குடை, அப்பா ஷூவைத் துடைச்சது, மூணு. நத்தை, காய்ச்சல், சைபர். சாவி, தம்பியை அழாம பார்த்துக்கிட்டது, கடைசில அழுதுட்டான், அதனால பாதி, ஒண்ணு." என்னம்மா இது! தினமும் இருபத்தெட்டு பேரையும் எழுதியிருக்காளா?

கண்டக்டர்: ஆறு வாரம்.

டீச்சர்: வராத பிள்ளைக்கும் சைபர் போட்டிருக்கா...

கண்டக்டர்: ஆள் ஏறாத ஸ்டாப்பையும் நாங்க எழுதணும் டீச்சர். காலியா விட்டா மறந்துட்டேன்னு அர்த்தம். சைபர் போட்டா பார்த்தேன்னு அர்த்தம்.

டீச்சர்: நான்தான் சட்டம் போட்டேன். வீட்ல சும்மா காசு கேக்கக் கூடாது. ஏதாவது ஒரு வேலை செய்யணும், கொடுக்கறதை வாங்கிட்டு வரணும், என்ன வேலை, எவ்வளவுன்னு வகுப்புல சத்தமா சொல்லிட்டு டப்பால போடணும். கரும்பலகைல நேத்து மொத்தத்தோட இன்னைக்கு வந்ததைக் கூட்டணும். அறுநூத்தி நாப்பதுல அதைக் கழிக்கணும். பழைய உருண்டை அலமாரிலேர்ந்து விழுந்து, உலகம் ரெண்டா பொளந்து, பாதி கதவுகிட்டயும் பாதி குப்பைக்கூடைகிட்டயும் கிடந்துச்சு. அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க ஆபீஸ்ல. "நாங்களே வாங்கறோம்"னு பிள்ளைங்க கத்துச்சுங்க. கடன் வாங்கிக் கழிக்கறது ரெண்டு மாசம் நான் மாரடிச்சும் வராத பிள்ளைங்களுக்கு, இந்த டப்பா வந்த ஒரே வாரத்துல வந்துடுச்சும்மா. நான் பாடம் நடத்தவே இல்ல.

கண்டக்டர்: அடுத்த பக்கம். முதல் வார வெள்ளிக்கிழமை.

டீச்சர்: "நாங்க சொன்னது எழுபத்தெட்டு. டப்பால தொண்ணூத்தெட்டு. கூடுதல் இருபது. யாரு?"

கண்டக்டர்: அந்த "யாரு"வைப் பாருங்க. பென்சில் குத்தி பேப்பர் கிழிஞ்சிருக்கு.

டீச்சர்: அது... வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து எண்ணுவோம். பலகைல இருக்கற மொத்தத்தை விட அதிகமா இருந்தா, யாரோ சொல்லாம போட்டிருக்காங்க, இல்ல கூட்டினது தப்புன்னு சொல்லி...

கண்டக்டர்: சொல்லி?

டீச்சர்: பலகையை அழிச்சு மாத்திடுவேன்.

கண்டக்டர்: பிள்ளைங்களும் அழிச்சுடும்.

டீச்சர்: கைதட்டிக்கிட்டே அழிக்கும்ங்க. அதிகமாத்தானே வந்திருக்கு, குறையலயே!

கண்டக்டர்: அங்கதான் எல்லாரும் கோட்டை விடறீங்க. எங்க வேலைல, கிழிச்ச டிக்கெட் ஆயிரத்துக்குன்னா பையில ஆயிரம் இருக்கணும். குறைஞ்சா என் கைக்காசு போகும், அதோட சரி. கூடினா?

டீச்சர்: கூடினா... லாபம்?

கண்டக்டர்: மெமோ! டிக்கெட் கொடுக்காம எவன்கிட்டயோ காசு வாங்கியிருக்கேன்னு அர்த்தம். குறைஞ்சா மறதி, கூடினா திருட்டு. இதை சோத்தோட கேட்டு வளர்ந்தவ அவ. உங்க பிள்ளைங்க கைதட்டினப்போ, இவளுக்கு மட்டும் அது திருட்டாத் தெரிஞ்சிருக்கு.

டீச்சர்: ஆறு வெள்ளிக்கிழமையும் எழுதியிருக்கா... கூடுதல் இருபது, முப்பது, இருபது, இருபத்தஞ்சு, இருபது, முப்பது. அம்மாடி. அதைக் கூட்டினா...

கண்டக்டர்: கூட்டுங்க. பலகை இருக்கு, சாக்பீஸ் இருக்கு.

டீச்சர்: நூத்தி நாப்பத்தஞ்சு.

வாலு: டீச்சர், கயிறு! கயிறு எடுக்கணும்!

டீச்சர்: மெதுவா வா, வாலு. கதவை உடைக்காதே.

வாலு: தாண்டற கயிறு, அலமாரிக்குப் பின்னாடி... ஹை, சுண்டு அம்மா! விசில் ஊதுங்களேன்!

கண்டக்டர்: இங்க ஊதினா பள்ளிக்கூடமே கிளம்பிடும். நான் வந்ததை சுண்டுகிட்ட சொல்லாதே, என்ன?

வாலு: சொன்னா?

கண்டக்டர்: என் வண்டில ஏறினா நிக்க வெச்சே கூட்டிட்டுப் போவேன்.

டீச்சர்: ஏ வாலு, இங்க வா. வெள்ளிக்கிழமை டப்பா நிறைஞ்சப்போ எல்லாரும் கைதட்டினீங்கல்ல... சுண்டு தட்டினாளா?

வாலு: தட்டல. கையை மடில வெச்சுக்கிட்டா. இன்னும் நிறையலன்னா. டீச்சரே சொல்லிட்டாங்கடி, அழிடின்னேன். ரப்பர் கூடக் கொடுத்தேன். எல்லாரும் அழிச்சோம். அவ அழிக்க மாட்டேன்னுட்டா.

டீச்சர்: ஏனாம்?

வாலு: பஸ்ஸு.

டீச்சர்: என்ன பஸ்?

வாலு: அதான் டீச்சர், கூட்டல்னா போற பஸ்ஸாம். ஸ்டாப் ஸ்டாப்பா ஏத்திக்கிட்டே போகுமாம். கழித்தல்னா அதே பஸ்ஸு அதே ரோட்ல திரும்பி வர்றதாம். ஏத்தின ஸ்டாப்லயே ஒவ்வொருத்தரா இறக்கி விட்டுட்டு வந்தா, பஸ் காலியா வந்து நிக்கணுமாம். நிக்கும்போது உள்ள யாராவது உட்கார்ந்திருந்தா, அவங்க நமக்குத் தெரியாம ஏறினவங்களாம்.

டீச்சர்: இதை... இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?

வாலு: யாரும் சொல்லிக் கொடுக்கல. அவளே சொன்னா. எனக்கு அதுக்கப்புறம்தான் கழித்தலே புரிஞ்சுது. கயிறு எடுத்துக்கட்டுமா?

டீச்சர்: எடுத்துக்கோ... பார்த்துப் போ.

கண்டக்டர்: என்ன டீச்சர், அப்படியே நிக்கறீங்க?

டீச்சர்: நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?

கண்டக்டர்: நானா? நான் எட்டாவதோட நின்னவ. எனக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். அதுல ஒரு கணக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்.

டீச்சர்: நாலு வருஷம் படிச்சு வந்திருக்கேன்மா இந்த வேலைக்கு. கூட்டலும் கழித்தலும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ்னு புத்தகத்துல ஒரு வரி இருக்கும். மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தேன். அந்த வரிக்குள்ள ஒரு ரோடு இருக்குன்னு... இந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியுது.

கண்டக்டர்: அது இருக்கட்டும். இதைச் சொல்லுங்க. ஒவ்வொரு இருபதுக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு கட்டம் வரைஞ்சிருக்காளே, யார் அடையாளம் இது?

டீச்சர்: இது எந்தப் பிள்ளையோட அடையாளமும் இல்லையே. ரப்பரா?

கண்டக்டர்: கீழே ஏதோ எழுதியிருக்கு பாருங்க.

டீச்சர்: "நோட்டு. நாலா மடிச்சது. ஒரு வேலைக்கும் யாரும் இருபது கொடுக்கல. மடிப்புல..."

கண்டக்டர்: மடிப்புல?

டீச்சர்: "...மடிப்புல வெள்ளைத் தூள்."

கண்டக்டர்: அப்ப அது ரப்பர் இல்ல.

டீச்சர்: இல்ல. சாக்பீஸ்.

கண்டக்டர்: ம்.

டீச்சர்: அக்கா... நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

கண்டக்டர்: உங்க நாற்காலி, உங்க வகுப்பு. உட்காருங்க.

டீச்சர்: ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிள்ளைங்க போனப்புறம் நான்தான் ஒரு இருபதை மடிச்சுப் போடுவேன். முதல் வாரம் பார்த்தேன், எழுபத்தெட்டு. இந்த வேகத்துல போனா எங்க முடியும்? பெரிய டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க, ஆறு வாரம்தான், அதுக்குள்ள வாங்கலன்னா இந்த விளையாட்டை மூட்டை கட்டிட்டு புத்தகத்தைத் திறன்னு. மீதி, மீதி, மீதின்னு அந்த நம்பர் குறையாம நிக்கறப்போ பிள்ளைங்க முகம் வாடறதைப் பார்க்க முடியல. நல்லதுதானே பண்றோம்னு நெனச்சேன்.

கண்டக்டர்: நல்லதுதான் பண்ணீங்க.

டீச்சர்: இல்லக்கா. நான் காசு போட்டதைக் கூட மன்னிச்சுடலாம். அதை மறைக்க, சரியாக் கூட்டின பிள்ளைங்களைத் தப்பாக் கூட்டினீங்கன்னேன் பாருங்க... ஆறு தடவை. சரியான விடையை ஆறு தடவை இந்தக் கையால அழிச்சிருக்கேன். கடைசில ஒருத்தி அழிக்க மாட்டேன்னதுக்கு, சிவப்பு மை.

கண்டக்டர்: அழாதீங்க. பிள்ளைங்க ஜன்னல் வழியா பார்க்கும்.

டீச்சர்: நாளைக்குக் கடைக்காரர் உருண்டையைக் கொண்டு வர்றார். பெரிய டீச்சர் கையால திறக்கறாங்க. "நாங்களே சம்பாதிச்சது"ன்னு வாசகம் எழுதி, கலர் பூசி, தொங்க விட்டிருக்குங்க பாருங்க.

கண்டக்டர்: பார்த்தேன். "சம்பாதிச்சது"ல ஒரு எழுத்து தலைகீழா இருக்கு.

டீச்சர்: உண்மையைச் சொன்னா நாளைக்கு உருண்டை கிடையாது. பெரிய டீச்சர் டப்பாவையே பிடுங்கிடுவாங்க. சொல்லலன்னா...

கண்டக்டர்: சொல்லலன்னா உருண்டை வரும். எங்க சுண்டும் அதைச் சுத்திப் பார்ப்பா. பார்த்துட்டு, எண்ணிப் பிரயோஜனமில்லன்னு முடிவு பண்ணிடுவா. நீங்களே பார்த்துக்குங்க, எது விலை ஜாஸ்தின்னு. நான் மிரட்டல டீச்சர்.

டீச்சர்: தெரியும். நாளைக்கு வேணாம். இன்னைக்கே, இந்த மணி அடிச்சு உள்ள வந்ததும் சொல்லிடறேன். பலகைல பெரிசா எழுதறேன். அறுநூத்தி நாப்பது, அதுல கூடுதல் நூத்தி நாப்பத்தஞ்சு போனா நானூத்தி தொண்ணூத்தஞ்சு. அதுதான் நம்ம காசு. இன்னும் நூத்தி நாப்பத்தஞ்சு வேணும். சுண்டு சொன்னதுதான் சரி, டீச்சர் சொன்னது தப்பு.

கண்டக்டர்: பெரிய டீச்சர்?

டீச்சர்: காலைப் பிடிச்சாவது ரெண்டு வாரம் கேக்கறேன். இந்த நோட்டைக் காட்டறேன். இதைப் பார்த்தும் மாட்டேன்னா, அவங்க டீச்சரே இல்ல.

கண்டக்டர்: அப்ப அந்தப் பெருக்கல் குறி?

டீச்சர்: அதே சிவப்பு மையால அடிச்சுட்டு, பக்கத்துல "டீச்சர் தப்பு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். போதுமா?

கண்டக்டர்: போதும். மனசு நிறைஞ்சு போச்சு. நான் கிளம்பறேன்.

டீச்சர்: இருங்க, இருங்க. பிள்ளைங்ககிட்ட சரியாச் சொல்லணும்ல, நான் போட்டது எவ்வளவு? ஆறு இருபது... நூத்தி இருபது.

கண்டக்டர்: ஆமா, நூத்தி இருபது. வரட்டுமா?

டீச்சர்: ஆனா கூடுதல் நூத்தி நாப்பத்தஞ்சுன்னு இருக்கே. மிச்சம் இருபத்தஞ்சு யாரு?

கண்டக்டர்: பிள்ளைங்க யாராவது சொல்லாம போட்டிருக்கும். விடுங்க.

டீச்சர்: இவ விட்டிருக்க மாட்டாளே. இங்க பாருங்க... ரெண்டாவது வாரம் அஞ்சு ரூபா காசு ரெண்டு, நாலாவது வாரம் ஒண்ணு, ஆறாவது வாரம் ரெண்டு. எழுதியிருக்கா. ஆனா பக்கத்துல அடையாளம் இல்ல. வெறும் இடம். என்னைக் கண்டுபிடிச்சவ, இதை எப்படி விட்டா?

கண்டக்டர்: எல்லாம் தெரிஞ்சுடுமா அவளுக்கு? குழந்தைதானே.

டீச்சர்: ரெண்டு, நாலு, ஆறு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்... பிள்ளைங்க வாழ்க்கைல அப்படி எதுவும் வராதேக்கா. எல்லா வாரமும் ஒரே மாதிரிதான். ஒரு வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுன்னு மாறறது...

கண்டக்டர்: டீச்சர், மணி அடிக்கப் போகுது.

டீச்சர்: சுண்டு தலை! ஒரு வாரம் ரெட்டைப் பின்னல் போட்டு, வகிடு கோடு கிழிச்ச மாதிரி வருவா. அடுத்த வாரம் ஒத்தைப் பின்னல், அதுவும் கோணலா. இன்னைக்கு ஒத்தை. உங்களுக்குக் காலை டூட்டி, பக்கத்து வீட்ல பின்னி விட்டிருக்காங்க. மதிய டூட்டி வாரத்துல நீங்களே பின்னி, நீங்களே கொண்டு வந்து விடுவீங்க. அவ பையை வெச்சுட்டு பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போவா. நீங்க இந்த ஜன்னல்கிட்ட, டப்பா பக்கத்துல நிப்பீங்க... அக்கா, நீங்கதானே?

கண்டக்டர்: யார் இதுவரைக்கும் எவ்வளவு போட்டாங்கன்னு சுவர்ல எழுதியிருக்கறதை, அவ படத்துக்கு நேரா பார்த்தேன். எல்லாருக்கும் பதினஞ்சு, இருபதுன்னு இருக்கு, இவளுக்கு ஒம்போது. வீட்ல நான் இருந்தாத்தானே வேலை சொல்லிக் காசு கொடுக்க? கை தானா பாக்கெட்டுக்குப் போயிடுச்சு.

டீச்சர்: அப்ப உங்களை மட்டும் அவ கண்டுபிடிக்கல. அதுவாவது ஒரு ஆறுதல்.

கண்டக்டர்: தலையணைக்கு அடியிலேர்ந்து உருவினேன்னு சொன்னேனே, பொய் டீச்சர்... நேத்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், அவளே வந்து இந்த நோட்டை என் மடில வெச்சா, "அம்மா, அஞ்சு போட்டவங்களும் இருபது போட்டவங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்க, நான் சொன்னா தப்புன்னு போட்டுடுவாங்க, நீங்களே சொல்லிடுங்க"ன்னுட்டு விளையாடப் போயிட்டா.